கட்டிப் பெருங்காயம்

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எப்படியாவது அவள் கண்ணில் பட்டுவிடுமோ என்று ஒரு பயம். அச்சடித்த எழுத்து எதுவானாலும், போண்டா மடித்து வந்த காகிதமே ஆனாலும், படிக்காமல் கீழே போடும் பழக்கம் அந்த நாட்களில் அவளுக்குக் கிடையாது. எங்கள் கடையில் அவளுக்கு ‘லேபிள் அம்மா’ என்று பெயர். வைத்தது நான்தான். அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு மளிகைக் கடையில் பில் போடுகிற வேலை எனக்கு. குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். என் கணவருக்கு தெர்மல் மின்நிலையத்தில் வேலை, அவள் கணவருக்கு நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டில். என்னைவிடப் பத்து வயது சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஆக, கடையிலும் அவளைப் பார்ப்பேன், வீட்டிலும் அவளைக் கேட்பேன். அந்தச் சுவர் அவ்வளவு மெல்லியது.

கடைக்கு வந்தால் அரை மணிக்குக் குறைந்து போகமாட்டாள். சாஸ் பாட்டிலை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பாள். பர்ஸிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி வெளியே வரும். ஆள்காட்டி விரல் ஒவ்வொரு எழுத்தாக நகரும், உதடு கூடவே நகரும். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷ் பரீட்சையில் தவறியவள் அவள். ஆனால் மால்ட், ஸ்டார்ச், செமோலினா என்று பொடி எழுத்தில் இருக்கிற சொற்களெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பில் போட வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். ஒருமுறை ஷிப்ட் முடிந்து அழுக்குச் சட்டையோடு வந்த ஒருவர், “ஏம்மா, நாளைக்குப் பரீட்சையா?” என்று கேட்டார்.

“ஆமாங்க. தினமும் பரீட்சைதாங்க,” என்றாள், தலையைத் தூக்காமல்.

அவள் மகளுக்கு, ஜெனி என்று வைத்துக்கொள்வோம், ஐந்து வயதில் வயிறு பானை மாதிரி உப்பி, கை கால் குச்சியாகி, தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாமல் போனது. வடலூரில் காட்டினார்கள், கடலூரில் காட்டினார்கள், மந்திரித்தும் பார்த்தார்கள். கடைசியில் பாண்டிச்சேரியில் ஒரு பெரிய டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னார்: கோதுமை இந்தக் குழந்தைக்கு விஷம். கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் வாழ்நாள் முழுக்க ஆகாது. துளிகூட ஆகாது. அதை விட்டால் வேறு மருந்தே வேண்டாம், குழந்தை தானாக வளரும். பாக்கெட்டில் அடைத்த எதை வாங்கினாலும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் பைபிள் வசனமாகப் பிடித்துக்கொண்டாள். வீடு திரும்பிய அன்றே சமையலறையைக் கழுவிவிட்டாள். மாவு சலிக்கிற சல்லடை போயிற்று. சப்பாத்திப் பலகையையும் கட்டையையும் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். இன்றைக்கும் அதில்தான் தேய்க்கிறேன். அவள் கணவர் பரோட்டாப் பிரியர். வெளியே தின்றுவிட்டு வந்தால் வாசல் குழாயில் வாய் கொப்பளித்து, கை கழுவி, அதற்குப் பிறகுதான் உள்ளே நுழைய வேண்டும். மனிதர் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

அவர்கள் கிறிஸ்தவர்கள். ஜெனிக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வந்தபோது, கோவிலில் கொடுக்கிற அப்பமும் கோதுமைதான் என்று தெரிந்துகொண்டு பங்குச் சாமியாரிடம் போய் நின்றாள். அவர் நல்லவர். பிள்ளைக்கு அப்பம் வேண்டாம், தனிக் கிண்ணத்தில் திராட்சை இரசம் மட்டும் கொடுக்கலாம் என்று ஏற்பாடு செய்தார். அப்படியும் விடவில்லை. அந்த இரசப் பாட்டிலின் லேபிளைக் காட்டச் சொல்லி மறைக்கல்வி சிஸ்டரிடம் கேட்டிருக்கிறாள். கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

லேபிள் விஷயத்தில் அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. “லேபிள் ஒட்டினதுலதாங்க்கா சூது இருக்கும். ஒட்டாதது நம்ம வூட்டு சாமான் மாதிரி, பயமில்ல” என்பாள். அதனால் புளி, மிளகாய், மஞ்சள், மல்லி எதையும் எங்கள் கடையில் வாங்கமாட்டாள். முத்தாண்டிக்குப்பத்தில் இருக்கும் நாத்தனார் மூட்டை கட்டி அனுப்புவாள். கட்டிப் பெருங்காயமும் அந்த மூட்டையிலேயே வரும். பண்ருட்டியில் ஒரு மொத்தக் கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுப்பது. அதை ஒரு தகர டப்பாவில் போட்டு மூடி வைத்திருப்பாள். அவள் கதவைத் திறந்தால் அந்த வாசனைதான் முதலில் வரும்.

குளூட்டன் ஃப்ரீ என்று அச்சடித்த முதல் பாட்டில் எங்கள் கடைக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மிளகாய் சாஸ். கோதுமைச் சத்து இல்லாதது என்று அர்த்தம் என அவளே எனக்கு விளக்கினாள். பாட்டிலை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சிலுவை போட்டாள். “நம்ம புள்ளய நெனச்சி எவனோ ஒருத்தன் எழுதியிருக்கான் பாருங்கக்கா,” என்றாள். கண் கலங்கியிருந்தது. அந்த மாதம் ஜெனி தோசைக்கும் சாஸ், தயிர்ச் சோற்றுக்கும் சாஸ் என்று தின்றாள்.

பிறகு அந்த எழுத்து எல்லாவற்றிலும் வர ஆரம்பித்தது. மாங்காய் ஊறுகாய், புளிப் பேஸ்ட், மிளகுத்தூள், கடைசியில் உப்பு. உப்புப் பாக்கெட்டைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“உப்புல என்னிக்குக்கா கோதும இருந்திச்சி? ஏமாந்தவ தலையில மொளகா அரைக்கிறானுங்க.”

அதற்கப்புறம் அது எங்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டாகிப் போனது. புதிய சரக்கு வந்தால் அந்த எழுத்துப் போட்ட பாக்கெட்டை அவளுக்காக எடுத்து வைப்பேன். அவள் வந்து பார்த்து, இரண்டு திட்டுத் திட்டிவிட்டுப் போவாள். அவள் சிரித்தது அந்த நேரத்தில் மட்டும்தான்.

ஏனென்றால் ஜெனி வளரவில்லை. கோதுமையை விட்டு ஐந்து வருடம் ஆகியும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் உயரம்தான் இருந்தாள். வயிறு உப்புவதும், உள்ளே பிடுங்குவதும் குறைந்த மாதிரி இருந்து திரும்ப வரும். சமையலறைக் கதவில் பென்சிலால் கோடு போட்டு உயரம் குறிப்பார்கள். கோட்டின் மேலேயே கோடு விழுந்து அந்த இடமே கறுத்திருந்தது. பாண்டிச்சேரிக்கு ஒவ்வொரு முறை போகும்போதும் டாக்டர் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்து ஒன்றையே சொன்னார்: “எங்கேயோ உள்ளே போயிட்டேதான் இருக்கு. வீட்ல இல்லன்னா வெளியில. குழந்தைய கவனிங்க.”

நாத்தனார் அதையே வேறு மாதிரி சொன்னாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. “இவ பொட்டி பொட்டியா படிச்சிகினு கெடக்கிறா. புள்ள வெளிய போயி துன்னுகினு இருக்குது. எங்க வூட்டுல இந்த மாரி நோவு யாருக்கும் வந்ததில்ல.”

இப்படியாக லேபிள்களைப் படித்த கண், மகளைப் படிக்கத் தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாயை முகர்ந்து பார்ப்பாள். நகக்கண்ணில் பிஸ்கட் தூள் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பாள். பையைக் கவிழ்த்து உதறுவாள். டீச்சரிடம் சொல்லி, மதியம் மற்றப் பிள்ளைகளோடு உட்காராமல் தனியாக உட்கார்ந்து சாப்பிட வைத்தாள். வயிறு வலி வந்த நாட்களில் விசாரணை நடக்கும்.

“உண்மைய சொல்லு ஜெனி. அம்மா ஒண்ணும் பண்ண மாட்டேன். என்னா துன்ன?”

“துன்னலம்மா.”

“சும்மா வருமா வலி? யாரு குடுத்தா?”

“துன்னலம்மா.”

பிறகு மர ஸ்கேல். உள்ளங்கையில் விழும் சத்தம் எனக்குக் கேட்கும். நான் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பேன். சற்று நேரத்தில் எல்லாம் அடங்கி, அம்மிக்கல்லில் எதையோ நசுக்கும் சத்தம் கேட்கும். பெருங்காயக் கட்டி. அதைப் பொடித்து மோரில் கரைத்துக் குடிக்க வைப்பாள். கொஞ்சத்தைச் சுடு தண்ணீரில் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுவாள். தடவும்போது அவளும் அழுவாள். “வயித்துக்கு இத விட்டா எதுவும் கேக்காதுக்கா” என்பாள் என்னிடம். நானும் ஆமாம் என்பேன். யாரைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ரசத்திலும் சாம்பாரிலும்கூட மற்ற வீடுகளைவிட இரண்டு மடங்கு போடுவாள், பிள்ளைக்கு வாயு சேரக்கூடாது என்று.

என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பிளாக்கில் ஒரு பிறந்தநாள். ஜெனி பேப்பர் தட்டில் கேக்கை வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றதைப் பார்த்தேன். மறுநாள் அவள் அம்மாவிடம் சொன்னேன், “நேத்து கேக் வச்சிருந்தாளே, பாத்துக்கோ. புள்ளைங்கன்னா தெரியாம திங்கத்தான் செய்யும்.” கையில் இருந்ததைத்தான் நான் பார்த்தேன். வாயில் போட்டதைப் பார்க்கவில்லை. சொல்லும்போது அந்த வித்தியாசத்தை நான் சொல்லவில்லை. அன்று ஸ்கேல் உடைந்தது.

அதற்குப் பிறகுதான் ஜெனி ஒத்துக்கொள்ள ஆரம்பித்தாள். ஒருநாள் கேக் என்றாள். இன்னொரு நாள் பஸ் ஸ்டாண்டு கடைப் பரோட்டா என்றாள். ஒத்துக்கொண்டால் அடி குறைந்தது. அவள் அம்மா கையோடு கோவிலுக்குக் கூட்டிப்போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய வைத்தாள். வந்து என்னிடம் நிம்மதியாகச் சொன்னாள், “சாமியார்கிட்டயே சொல்லிட்டாளாம்க்கா. திருடித் துன்னேன், பொய் சொன்னேன்னு. பத்து அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னாராம். இனிமே துன்னமாட்டா.”

அடுத்த மாதமும் வயிறு உப்பியது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் காலை, புதிய சரக்கைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தோம். பெருங்காயப் பெட்டியில் பச்சை வட்டத்துக்குள் குளூட்டன் ஃப்ரீ என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒன்றை எடுத்து பில் மெஷின் பக்கத்தில் அவளுக்காக வைத்தேன். பதினோரு மணிக்கு வந்தாள்.

“இந்தா, உன் ஆளு வந்துட்டாரு,” என்று நீட்டினேன்.

“பெருங்காயத்துக்குமா? அவ்ளோதான், இனிமே வெத்தலைக்கும் போடுவானுங்க,” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே பழக்க தோஷத்தில் பெட்டியைத் திருப்பினாள். விரல் நகர்ந்தது. “கோந்து, அரிசி மாவு, பெருங்காயம்.” விரல் திரும்ப வந்து நடுவில் நின்றது. “பெருங்காயத்துல எதுக்குக்கா அரிசி மாவு?”

நான் கடைக்காரியின் தோரணையில் சொன்னேன், “வெறும் பெருங்காயத்த யாரால தாங்க முடியும்? மாவு சேத்துதான் கட்டியாக்குவாங்க. எல்லாக் கம்பெனியும் அப்படித்தான்.”

இத்தனை வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம் அது. என் வாயிலிருந்து வெளியே வரும்வரை அதற்கும் அந்தப் பிள்ளைக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது.

“எந்த மாவு?” என்றாள்.

அவளே அலமாரிக்குப் போனாள். வழக்கமாக விற்கும் பெட்டியை எடுத்துப் பூதக்கண்ணாடியை வைத்தாள். கோதுமை மாவு. அடுத்தது, மைதா. கட்டிப் பெருங்காயப் பெட்டி, மைதா. அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் படித்தாள். எல்லாவற்றிலும் எழுதித்தான் இருந்தது. யாரும் எதையும் மறைக்கவில்லை.

“பண்ருட்டியில மடிச்சிக் குடுக்கறாங்களே, அது?”

“அதுவும் இப்படி ஒரு பெட்டியிலேருந்து எடுத்துக் குடுக்கறதுதாம்மா.”

அவள் விரல் மடக்கினாள். “ரசத்துல. சாம்பார்ல. வலி வந்தா மோர்ல.” அதற்கு மேல் மடக்க முடியவில்லை. “இதுல இல்லன்னு எழுதினா, மத்ததுல எல்லாம் இருக்குதுன்னுதானக்கா அர்த்தம்? எனக்கு இது தோணலியே.” பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, வேறு யாரிடமோ சொல்வதுபோல், “அவ துன்னல,” என்றாள்.

ஜெனி தேறினாள். அதையும் சொல்லிவிடுகிறேன். பெருங்காயத்தை நிறுத்திய ஆறாவது மாதம் ரத்தப் பரிசோதனையில் நல்ல சேதி வந்தது. டாக்டர் எழுந்து கை கொடுத்தாராம். பிள்ளை கண்ணெதிரே உயர்ந்தாள், சட்டையெல்லாம் குட்டையாகிப் போயிற்று. ஆனால் போன வருடங்கள் முழுசாகத் திரும்பவில்லை. வகுப்பில் கடைசிவரை குள்ளப் பிள்ளைகளின் முதல் வரிசைதான். பிளாக்கே சந்தோஷப்பட்டது. கதவில் ஏறுகிற ஒவ்வொரு கோடும் அவளுக்கு மட்டும் தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதுபோல் இருந்திருக்க வேண்டும். ஒருநாள் சோப்பும் தேங்காய் நாரும் வைத்து எல்லாக் கோட்டையும் தேய்த்து அழித்துவிட்டாள். அவள் கணவர் என் கணவரிடம் வந்து அழுதார்.

லேபிள் படிப்பதையும் விட்டுவிட்டாள். கூடையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, “நீங்களே பாத்துக் குடுங்கக்கா,” என்பாள். நான் பூதக்கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிப்பேன். கடையில் அந்தப் பட்டப்பெயரை அப்புறம் யாரும் சொல்லவில்லை. ஒருமுறை மெதுவாகக் கேட்டேன், சாமியாரிடம் போய்ச் சொன்னால் மனசு ஆறாதா என்று.

“போனேங்க்கா. தெரியாம செஞ்சது பாவமில்லன்னாரு. பெருங்காயம் போட்டது தெரியாமதான். அடிச்சது தெரிஞ்சிதான?”

இரண்டு வருடத்தில் அவர்கள் வேறு பிளாக்குக்கு மாறிப் போனார்கள். கடைப்பக்கம் அவள் கணவர்தான் வருவார். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது யார் யாரோ இருந்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் அவள் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அந்தப் பெட்டி வந்த நாளின் மாலைதான்.

அன்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அவள் சைக்கிளை நான் தள்ளிக்கொண்டு, அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வந்ததும் தகர டப்பாவை எடுத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூடியைத் திறக்கவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். நான் தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. நான்கு மணி தாண்டி ஸ்கூல் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

ஜெனி உள்ளே வந்தாள். ஷூவைக் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தாள். அழுதுகொண்டிருக்கும் அம்மாவைப் பார்த்தாள், பக்கத்தில் நிற்கும் என்னைப் பார்த்தாள். கேக் விஷயத்தைச் சொன்னவள் நான் என்று அவளுக்குத் தெரியும். பையைக் கீழே வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே இரண்டு உள்ளங்கையையும் முன்னால் நீட்டினாள்.

“துன்னுட்டேம்மா,” என்றாள்.

அம்மா முழங்காலிலேயே நகர்ந்து போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். “இல்லடி. நீ துன்னல. நாந்தான் குடுத்தேன், இந்தப் பெருங்காயத்துல இருந்துச்சி. நீ ஒண்ணும் துன்னல. துன்னலன்னு சொல்லு.”

ஜெனி தரையில் கிடந்த டப்பாவைப் பார்த்தாள்.

“அப்பல்லாம் சொன்னியே, அதே மாதிரி சொல்லு. உண்மைய சொல்லு ஜெனி, அம்மா ஒண்ணும் பண்ண மாட்டேன்.”

அந்தக் கடைசி வார்த்தைகளைக் கேட்டதும் பிள்ளையின் தோள் ஒடுங்கியது. இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னால் சீக்கிரம் முடியும் என்பது அவளுக்குப் பழகியிருந்தது. கையை அம்மாவின் பிடியிலிருந்து மெல்ல உருவி, மறுபடியும் விரித்து நீட்டினாள்.

“துன்னேம்மா,” என்றாள். “இனிமே துன்ன மாட்டேன்.”